காபாவைக் காட்டியபோது

என்னங்க, அஸ்ஸலாமு அலைக்கும்.

மக்காவிலிருந்து எழுதுகிறேன். மகள் ஷமீனா படித்துக் காட்டுவாள். பாலக்கரையில் வெயில் எப்படி? மருந்தைத் துப்பிவிடாதீர்கள்.

பன்னிரண்டு வருடம் காத்திருந்து ஹஜ்ஜுக்கு நம் இருவர் பெயரும் வந்தபோது, உங்கள் மறதி முற்றியிருந்தது. தம்பி துணையோடு வந்தேன். நேற்று காபாவை ஏழு முறை சுற்றி தவாஃப் முடித்து, வீடியோ காலில் அதைக் காட்டினேன். பார்த்ததும் அழுதீர்கள். பிறகு என் முகத்தைப் பார்த்து, “நீங்க யாரும்மா? என் பொஞ்சாதியையும் அங்க கூட்டிட்டுப் போங்களேன். அவளுக்கு ரொம்ப நாள் ஆசை” என்றீர்கள்.

“கூட்டிட்டு வந்துடறேங்க” என்றேன்.

உங்களுக்கு நினைவு திரும்ப வேண்டும் என்று துஆ கேட்கத்தான் வந்தேன். கையேந்தியபோது அது வாயில் வரவில்லை. அவள்மேல் இருக்கிற அந்தப் பிரியமாவது உங்களைவிட்டுப் போகக்கூடாது என்று மட்டும் கேட்டேன்.

உங்கள் மனைவி