கப்பல் துரையின் மணி

1912 ஆகஸ்டு 18, ஞாயிறு.

கப்பற்படைத் துரையின் நினைவுக் கல்லை இன்று வேதக்கோயிலில் திறந்தார்கள். கடைசிக் காலத்தில் பாளையங்கோட்டையில் தங்கிய அந்தக் கிழவர், கப்பல் வழக்கப்படி அரைமணிக்கு ஒருதரம் மணியடிக்க அப்பாவை வைத்திருந்தார். ஆறு வருஷம், இரவும் பகலும்.

கல்லருகே அந்த மணியையும் தொங்கவிட்டிருந்தார்கள். ஜெபத்தின் நடுவே அப்பா எழுந்துபோய்க் கயிற்றை இழுத்துவிட்டார்.

"ஏலே கிறுக்கா, வெளிய போலே!" என்று உபதேசியார் பிடித்துத் தள்ளினார்.

"அரைமணி ஆயிட்டுல்லா அய்யா. தொர வைவாருல்லா" என்றார் அப்பா.

துரை செத்து மூன்று மாதமாகிறது. 'அமைதியாகத் துயில்கிறார்' என்று கல்லில் வெட்டியிருக்கிறார்கள். துயிலட்டும். அப்பாவின் தூக்கத்தை யார் திருப்பித் தருவது? அரைமணிக்கு ஒருதரம் எழுந்து இருட்டில் கயிற்றைத் தேடுகிறார். கையைக் கட்டிப்போடச் சொல்லி அம்மா அழுகிறாள். கட்டுவதற்கான கயிறு என் மடியில் கிடக்கிறது.

இதோ, எழுந்துவிட்டார்.