சதுரம்

18-6-81, வியாழன். பாலக்கரை.

கூடத்துக்கு மொசைக் தரை போட எவ்வளவு ஆகும் என்று சொல்ல மாலையில் சவரிமுத்து மேஸ்திரி வந்தார். டேப் பிடித்து அளந்து, "இருநூறு சதுர அடி வருதுங்க. சதுரத்துக்கு எண்ணூறு ரூபா சார்" என்றார்.

இருநூறை எண்ணூறால் பெருக்கினேன். ஒரு லட்சத்து அறுபதாயிரம்! "யாரை ஏமாத்தப் பாக்குறே? நான் கணக்கு வாத்தியார்யா!" என்று கத்தினேன். என் மனைவி ரோசி பார்த்துக்கொண்டு நின்றாள். மேஸ்திரி டேப்பைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார்.

கேட்டைச் சாத்தப் பின்னாலேயே போனேன். அங்கேதான் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "எங்க வேலையில சதுரம்னா நூறு சதுர அடிங்க. மொத்தமே ஆயிரத்து அறுநூறுதான். அம்மா முன்னாடி சொல்ல வேணாம்னு இருந்துட்டேன்."

மன்னிப்புக் கேட்டிருக்கலாம். தலையை மட்டும் ஆட்டினேன். சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

உள்ளே வந்தால், ரோசி ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டம்மாவிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். "எங்க வீட்டுக்காரர்கிட்ட நடக்குமா? ஒரே பெருக்கல்ல ஆளை ஓட வெச்சுட்டாரு!"

ராத்திரி எனக்கு மட்டும் இன்னொரு முட்டை வைத்தாள். அதையும் சாப்பிட்டேன்.