ஆத்தாவுக்கு ரிசர்வுன்னா காடு

ராக்கு,

நீ மூஞ்சியத் திருப்பிக்கிட்டு வாய்க்காலுக்குப் போயிட்ட. திண்டுக்கல் பஸ் வந்துரும், அதான் எழுதி வச்சிட்டுக் கெளம்புறேன். பெட்டிச் சாவி அரிசிப் பானைக்குள்ள கிடக்கு. நீ கட்டி வச்ச புளிச்சோத்தை எடுத்துக்கிட்டேன்.

நேத்து நீ கத்துனது நியாயந்தான். என்னைய ரிசர்வ் ஆபீசரா எடுத்திருக்காகன்னு சொன்னதும், ஆத்தா நம்ம மலைமேல இருக்குற ரிசர்வ் காட்டுக்குத்தான்னு நெனச்சுட்டாக. தெருவெல்லாம் சீனி குடுத்தாக. அந்த முகத்தைப் பாத்து, இல்லத்தா, பட்டாளத்துக்குன்னு சொல்ல எனக்கு நாக்கு எழல.

இப்பப் போறது வடக்க, காட்டுச் சண்டை பழக்குற எடத்துக்கு. அது முடிஞ்சா பர்மாப் பக்கம் சப்பான்காரனோட சண்டைக்கு அனுப்புவாகளாம். "உங்க வாயாலயே சொல்லுங்க"ன்னு நீ சொன்னது இன்னும் காதுல கேக்குது. என்னால முடியல புள்ள. நீயே பக்குவமாச் சொல்லிரு.

பக்கத்துத் தெரு சேக் பரீத் அண்ணன் வந்தா மோர் குடு. அவருக்கு விசயம் தெரியும். ஆத்தா முன்னால பட்டாளப் பேச்சை எடுக்க விட்டுராத.

அட்டை கடிச்சா தேய்க்கச் சொல்லி ஆத்தா புகையிலை மடிச்சுக் குடுத்தாக. வாங்கிக்கிட்டேன்.

உன் வீட்டுக்காரன் கர்ணன்

ராக்கு, இப்ப ஒண்ணும் சொல்லிராத. பையைத் தூக்கும்போது ஆத்தா வந்து என் தலையைத் தடவி, "வெடிச்சத்தம் கேட்டா ஓடாதய்யா, குப்புறப் படுத்துக்க"ன்னாக. எந்தக் காட்டை நெனச்சுச் சொன்னாகன்னு கேக்க எனக்குத் தைரியம் வரல.