கால்மிதிக்குப் பின்னால் கடல்

மச்சாள்,

இன்று காலை முற்றத்திலிருந்து நனைந்த தென்னந்தும்பின் மணம் வந்தது. மகள் கால்மிதியை வேலியில் விரித்து, விற்பனைக்குப் போடப் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். பின்னால் துறைமுகம், கப்பல்கள். என் கை தானாய் நீண்டு போனை மறைத்தது. சண்டை முடிந்தது இந்தப் பயத்துக்கு மட்டும் இன்னும் தெரியாது.

சண்டையால் பாதை பூட்டி, கொழும்பு வியாபாரிகள் வராமல் விட்ட காலம் அது. கனடாவிலிருந்த உங்கள் சித்தி மகன் படம் அனுப்பச் சொன்னான், இன்டர்நெட்டில் போட்டு விற்றுத் தருவானாம். எனக்குப் பயம். கொட்டிலுக்குள் குவிந்து கிடக்கிற தும்பு சோறு போடுமோ என்று கேட்டுவிட்டு, நீங்கள் கமரா இரவல் வாங்கி வந்தீர்கள். கொட்டில் இருட்டு. அதனால் நாங்கள் எப்போதும் காயப்போடும் கடற்கரை வேலியிலேயே விரித்து எடுத்தோம். கால்மிதியின் நிறம்தான் எங்கள் கண்ணில் பட்டது.

நெட்கபேயில் படத்தைப் பெரிதாக்கியபோதுதான் பின்னால் நேவிக் கப்பல் துலாம்பரமாய்த் தெரிந்தது. அதைப் படம் எடுத்தவர்களைப் பிடித்துக்கொண்டு போகிற காலம். கடைக்காரர் திரையை அணைத்தார். அழிக்க எங்களுக்குத் தெரியாது, கமராவைத் தொட அவருக்கும் பயம். வாசலில் ஆமி நின்றது, எறியவும் ஏலாது. நீங்கள் கமராவுக்குள் படம் பதிந்திருந்த சின்ன மெமரி அட்டையைக் கழற்றி, வெற்றிலைக்குள் மடித்துக் கன்னத்தில் அதக்கினீர்கள். நான் வாங்கக் கை நீட்டினேன், தட்டிவிட்டீர்கள்.

"பிடிச்சால் நான் போறன். உனக்குப் பிள்ளையள் இருக்கு."

வழியில் ஆட்களை மறித்துச் சோதிக்கிற சென்றியில் ஆமிக்காரன் கமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். உங்களிடம் ஏதோ கேட்டான். நீங்கள் வாய் திறக்கவில்லை. துப்பச் சொல்லிச் சைகை காட்டினான். நீங்கள் ஆறுதலாய், அவசரமில்லாமல் குனிந்து, ரோட்டோரம் சிவப்பாய்த் துப்பி, வாயைத் துடைத்துக்கொண்டு சிரித்தீர்கள். போகச் சொன்னான். வீட்டுக்கு வந்தோம். கன்னத்துக்குள் கிடந்த அட்டையை எடுத்து அடுப்புக்குள் போட்ட பிறகுதான் வாய் கொப்பளித்தீர்கள்.

பிறகு வேறு அட்டை வாங்கி, வேலியில் உங்கள் வெள்ளைச் சீலையைக் கட்டி, அதற்கு முன்னால் கால்மிதியை வைத்துப் படம் எடுத்தீர்கள். முதல் ஓடர் அதற்குத்தான் வந்தது. இன்றைக்கும் எங்கள் சோறு அதிலேதான்.

நீங்கள் கண்ணை மூடி இரண்டு மாரிமழை கழிந்துவிட்டது. அலுமாரியிலிருந்து அந்தச் சீலையை எடுத்துப் போய் வேலியில் கட்டினேன். கடல் தெரிந்தால்தானே வடிவு என்று மகள் சிரித்தாள். இருக்கட்டும் என்றேன்.

அவள் தாயோடு வளர்ந்த பிள்ளை, மச்சாள். அட்டையை என்னிடம் தராமல் நீங்கள் அதக்கியதால்தான் அதென்று நான் இன்னும் அவளுக்குச் சொல்லவில்லை. சொல்ல வேண்டுமென்றால் நான் அந்தச் சென்றிக்குத் திரும்பிப் போக வேணும்.