குசினி வாசலுக்கு வைத்த கல்

புரட்டாதி 12, திங்கள்

கிளிக்குஞ்சு, இன்றைக்கும் வெயில். மத்தியானத்துக்குப் பிறகு வடக்கே கறுத்தது, பெய்யவில்லை. கல் மூடின தறப்பாளைத் தூக்கிப் பார்த்தேன். நீ அடுக்கி வைத்த கற்கள் அப்படியே. மேல் வரிசையில் கொஞ்சம் பாசி. நடுவில் ஒரு தேரை. இருந்துவிட்டுப் போகட்டும்.

முன்பக்க முற்றத்துக்கு நீ கல் பதித்து முடித்தது. குசினிப் பக்கம் வெறும் மண், அடுப்படி வாசலிலிருந்து வேலியோர வாழை வரைக்கும். போன மாரிக்கு அதில் வழுக்கி விழுந்து நான் இடுப்புப் பிடித்துக் கிடந்தபோது சொன்னாய்:

“முதல் முன்பக்கம் போட்டுப் பழகுவம் அக்கா. பிழைச்சால் ஆக்கள் சிரிச்சிட்டுப் போகட்டும். கை பழகினாப் பிறகு உனக்கு வடிவாப் போட்டுத் தாறன்.”

கை பழகியது. வைகாசியில் உனக்குக் காய்ச்சல் வந்தது. ஆசுபத்திரிக்குள் நடந்து போனவள் நீ. உன் செருப்பை நான்தான் கையில் கொண்டு வந்தேன்.

இடுப்பு நோ. கஞ்சி. படுத்தேன்.

13, செவ்வாய்

காற்று இல்லை. புழுக்கம். அண்ணையும் அவர் பெண்சாதி மச்சாளும் வந்தார்கள். அண்ணை குசினி வாசலில் நின்று மண்ணைக் காலால் கிண்டிப் பார்த்தார்.

“மாரிக்கு முந்தி ஏதாவது செய்யோணும். வாற திங்கள் மேசனைக் கூட்டிக்கொண்டு வாறன். முன்பக்கத்துக் கல்லையும் கிளப்பிப்போட்டு எல்லாம் ஒண்டாய்க் கொங்கிறீற் போடுவம். பிறகு கரைச்சல் இல்லை.”

“முன்பக்கம் என்னத்துக்கு அண்ணை? அது கிளி போட்டதெல்லோ.”

“ஒரு பக்கம் கல்லு, ஒரு பக்கம் கொங்கிறீற். பாக்க வடிவோ?”

“அப்ப ரெண்டு பக்கமும் கல்லு. இதை நான் போடுறன்.”

மச்சாள் வாயில் கை வைத்தாள். “அவள் செத்து வருசம் திரும்பேல்லை, ஆட்டைத் திவசமும் முடியேல்லை. அதுக்குள்ளை ஆரும் வீட்டு வேலை தொடங்குவினமோ?”

“நான் எங்கை தொடங்கிறன்? தொடங்கினவள் அவள். நான் முடிக்கிறன்.”

அண்ணை என் கையைப் பார்த்தார். “உனக்கு உந்த வேலை என்ன தெரியும்?”

ஒன்றும் தெரியாதுதான். நீ போனில் பார்த்துப் பார்த்துச் செய்தாய். நீ கேட்ட சாமானை நான் எடுத்துத் தந்தேன்.

திங்கள் வரைக்கும் பொறுக்கிறாராம். முடியாவிட்டால் மேசன். உன் கல் எல்லாம் கிளம்பும்.

14, புதன்

மண் வெட்டினேன். வெட்டினேன், இருந்தேன், வெட்டினேன். அடியில் ஒரு பழைய கரண்டி. நீ தொலைத்துவிட்டு என்னோடு சண்டை பிடித்த கரண்டி.

வேண்டும்:
நூல்
குறுமணல் இன்னும் கொஞ்சம்
நோ எண்ணெய்

றப்பர் சுத்தியல் கட்டிலுக்குக் கீழே கிடந்தது. கையுறையும். எனக்குப் பெரிது. ஆனாலும் போட்டேன்.

15, வியாழன்

மட்டம் பார்த்த நாள். வாசலடியில் ஒரு முளைத்தடி, வாழையடியில் ஒரு முளைத்தடி. கண்ணாடி போலத் தெரியும் உன் நீளப் பிளாஸ்டிக் குழாய்க்குள் தண்ணீர் விட்டேன். இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்குமாம். அந்த மட்டத்திலிருந்து வாழைப் பக்கம் நாலு விரல் இறக்கிக் கல் வைத்தால் மழைத் தண்ணீர் வாழைக்கு ஓடும். இவ்வளவும் நினைவிருக்கிறது.

ஆனால் ஆளுக்கொரு முனை பிடிக்க வேண்டும். முன்பக்கத்துக்கு நான் தெருப் படலையடியில், நீ வாசலில். அங்கேயிருந்து கத்துவாய்.

“அக்கா, உன்ரை பக்கம் தண்ணி எங்கை நிக்குது?”

“நிக்குது, நிக்குது.”

“நிக்குதெண்டால் எங்கை எண்டு சொல்லன்!”

இன்று வாழையடியில் மச்சாள் பிடித்தாள். சேலை நனையும் என்று குழாயின் வாயை இறுக்கிக்கொண்டு, ஆருடையவோ கலியாண வீட்டுக் கதை. நான் எதைக் கேட்டாலும் “ஓம், சரி. ஓம், சரி.” கரியால் முளையில் கோடு போட்டாள். நூல் கட்டினேன்.

16, வெள்ளி

கல் வைத்தேன். தட்டினேன். முழங்காலுக்குக் கீழே சாக்கு மடித்துப் போட்டும் நோ. மச்சாள் புட்டும் கத்தரிக்காயும் தந்துவிட்டாள். அரைவாசிதான் இறங்கியது.

உன் கல்லை உன் மாதிரியே மாறி மாறி வைத்தேன். ஒன்று கோணல். கழற்றி வைத்தேன். திரும்பவும் கோணல். நீ இருந்தால் சிரித்திருப்பாய். அப்படியே விட்டேன்.

17, சனி

புரட்டாதிச் சனி. ஊர்ச் சனம் எள்ளெண்ணெய் எரிக்கப் போகிறது. எனக்கு இந்த வருசம் கோயில் இல்லை. கடைசிக் கல் வைத்துவிட்டுத் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வாசலில் இருந்தேன். நல்லாயிருந்தது, கிளி. உண்மையாகவே நல்லாயிருந்தது.

பின்னேரம் மழை. முதல் தண்ணீர் கல்லில் சும்மா நின்றது. பிறகு மெல்லத் திரும்பியது. வாழைப் பக்கம் அல்ல, என் பக்கம். படியில் ஏறிக் குசினிக்குள் வந்துவிட்டது.

சாக்குப் போட்டேன். அள்ளி அள்ளி ஊற்றினேன். அரிசி வாளியைத் தூக்கி மேசையில் வைத்தேன். பிறகு ஒன்றும் செய்யவில்லை. ஈரத்திலேயே இருந்தேன்.

18, ஞாயிறு

அண்ணை வந்து குசினியைப் பார்த்தார். ஏசவில்லை. அதுதான் கூடக் கஷ்டம்.

“இனி விடு பிள்ளை. நாளைக்கு மேசன் வாறான்.”

“மட்டம் சரியாத்தானே பாத்தனாங்கள்.”

மச்சாளுக்குக் கோபம் வந்துவிட்டது. “என்னை ஏன் பாக்கிறாய்? நான் என்ன விளையாடிக்கொண்டோ நிண்டனான்? ஒரு சொட்டுத் தண்ணியும் வெளியாலை போகாமல் பெருவிரலாலை பொத்திக்கொண்டெல்லோ நிண்டனான்!”

எனக்குச் சிரிப்பு வந்தது. வைகாசிக்குப் பிறகு முதல் சிரிப்பு. நிற்பாட்ட ஏலவில்லை. அண்ணை பயந்துபோனார்.

நானும் முன்பக்கத்துக்குப் பிடித்த முதல் நாள் அப்படித்தான் பொத்தினேன். நீ படலை வரைக்கும் ஓடி வந்து கையில் அடித்தாய். “விரலை எடு அக்கா! வாயைப் பொத்தினால் தண்ணி எப்பிடி அசையும்?” அசையாத தண்ணீருக்குத்தான் மச்சாள் கோடு போட்டிருக்கிறாள்.

“முன்பக்கம் வாங்கோ அண்ணை” என்றேன். “ராத்திரியும் பெய்ததுதானே. அவள் போட்டதிலை தண்ணி நிக்குதோ எண்டு பாருங்கோ.”

போனார். குனிந்து பார்த்தார். கல் காய்ந்து கிடந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு அதில் ஏறி நின்றார். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னார்.

“முன்பக்கம் கிடக்கட்டும். மேசனை ஒரு கிழமை பொறுக்கச் சொல்லுறன். உது சரிவராட்டில் உந்தப் பக்கம் கொங்கிறீற்தான்.”

மச்சாள் போகும்போது: “இன்னொருக்கால் பிடிச்சு விடட்டோ?”

“வேண்டாம் மச்சாள். நான் பாக்கிறன்.”

19, திங்கள்

மழை இல்லை. மூட்டம். வைத்த கல் எல்லாவற்றையும் கிளப்பி வரிசையாக அடுக்கினேன். தேரை திரும்பவும் வந்துவிட்டது. கை தூக்க ஏலவில்லை, ஆனால் மழை பொறுக்காது.

வாழையடி முளையில் குழாயை றப்பர் நாடாவால் கட்டினேன். நீ நின்றால் பிடிக்கிற உயரத்துக்கு. வாயைத் திறந்து விட்டேன். இந்த முனையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றேன். என் பக்கம் தண்ணீர் ஆடி ஆடி நின்றுவிட்டது, சரியாக வாசல் முளையில் நான் இன்று கீறின கோட்டில்.

இந்த முனையையும் கட்டிவிட்டு வாழையடிக்கு நடந்து போய்ப் பார்த்தால் தெரியும். போகவில்லை. நின்ற இடத்திலேயே நின்று, வேலிக்கு அங்காலே கேட்கிற மாதிரிக் கத்திவிட்டேன்:

“கிளி, உன்ரை பக்கம் தண்ணி எங்கை நிக்குது?”