ஆமை விளக்கு

2007 ஜூன் 12, செவ்வாய். ஹட்டன்.

விடிந்ததிலிருந்து மழை. கடை வாசலில் சேறு. காலையில் ஒரு திரீவீலர் ஹோர்ன், ஒரு லொறி டைனமோ பழுது பார்த்தேன். பிறகு அண்ணன் வந்தார்.

அவருடைய ஹைபிரிட் கார். ஜப்பானில் யாரோ ஓட்டித் தீர்த்தது. திரையில் எல்லாம் ஜப்பான் எழுத்து, நமக்குப் படம் மட்டுந்தான் புரியும். இன்று சிவப்பு முக்கோணம், பக்கத்தில் மஞ்சள் ஆமை. ஆமை எரிந்தால் பெரிய பேட்டரியில் சக்தி இல்லை, கார் இனி ஊரும் என்று அர்த்தம்.

என் ஸ்கேனரை மாட்டினேன். பழுதைச் சொல்லும் கோடு எண் இஞ்சினில் ஒன்றுமில்லை. ஹைபிரிட் பக்கத்தை அது படிக்காது. என்னோடு வேலை பழகி இப்போது நுவரெலியாவில் இருப்பவனிடம் ஜப்பான் காருக்கான ஸ்கேனர் உண்டு. கேட்டதும் பகல் பஸ்ஸில் கொடுத்தனுப்பினான். மாட்டியதும் இரண்டு கோடு. P3006, P3017. முதலாவது, பேட்டரிக்குள் இருக்கும் துண்டுகள், அந்த பிளாக்குகள், ஒன்றுபோல் இல்லை. இரண்டாவது, ஏழாவது பிளாக் செத்துக்கொண்டிருக்கிறது.

மலை ஏற வேண்டாம் என்றேன். நாளை புதன், பாக்கியம் அக்காவைக் கண்டிக்குக் கூட்டிப் போக வேண்டும் என்றார். நாங்கள் பிறந்த தேயிலைத் தோட்டத்து லயத்தில் பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரர் அவர். வயிற்றில் புற்று. புதன்தோறும் மருந்து ஏற்ற அண்ணன்தான் கொண்டுபோய்க் கொண்டுவருகிறார். கோடு எண்ணை மட்டும் அழித்துவிடு, விளக்கு அணையட்டும் என்றார். மாட்டேன் என்றேன்.

"நீ அழிக்கலன்னா நானே சின்ன பேட்டரி வயர கழட்டி அழிச்சுக்குவேன்."

செய்யக்கூடியவர்.

ஜூன் 13, புதன்

பயந்தபடியே, வயரைக் கழற்றி விளக்கை அணைத்துவிட்டுப் போயிருக்கிறார். போகும்போது இறக்கம், ஒன்றும் ஆகவில்லை. வரும்போது கினிகத்தேனை ஏற்றத்தில் ஆமை. மிதித்தாலும் கார் நகரவில்லையாம். பனிமூட்டம், பின்னால் லொறிகளின் ஹோர்ன். பின் சீட்டில் பாக்கியம் அக்காவுக்கு வாந்தி.

அண்ணன் நடுரோட்டில் நின்று பஸ்ஸை மறித்திருக்கிறார். கண்டக்டர் சிங்களவர், திட்டிக்கொண்டே இறங்கி, அக்காவைப் பிடித்து ஏற்றி, முன் சீட்டில் உட்காரவைத்தாராம். அண்ணன் காரை ஆற விட்டு, ஊர்ந்து ஊர்ந்து கடைக்கு வந்தார். சாவியை மேசையில் வைத்தார். நான் "சொன்னேனே" என்று சொல்லவில்லை.

ஜூன் 15, வெள்ளி

மழை விடவில்லை. மறுபடி படித்தேன். அதே இரண்டு கோடு. அழித்து, கடை முன்னால் கொஞ்சம் ஓட்டினேன். திரும்ப வந்துவிட்டது.

பேட்டரியைத் திறக்க இங்கே ஆள் இல்லை. கொழும்பில் ஒருதரம் திறந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். கை தவறிப் பட்டால் ஆள் முடிந்தது. கொழும்பில் கார் உடைக்கிற இடத்தில் பழைய பேட்டரித் துண்டுகள் இருக்கிறதாம், ரயிலில் வரும்.

வாங்க வேண்டியது: தடித்த ரப்பர் கையுறை, டேப், சீனி.

ஜூன் 17, ஞாயிறு

கடையைச் சாத்திவிட்டுப் பேட்டரியைத் திறந்தோம். பின் சீட்டுக்குப் பின்னால் பெட்டி. முதலில் கரண்டைத் துண்டிக்கும் ஆரஞ்சுப் பிளக்கை இழுத்தேன். கரண்ட் இறங்கும்வரை காத்திருந்தோம். அண்ணனை மோதிரம், மணிக்கூடு எல்லாம் கழற்றச் சொன்னேன். டோர்ச் பிடித்தார்.

ஏன் இவ்வளவு பிடிவாதம், வேறு வேன் பிடித்துக் கொடுத்திருக்கலாமே என்று கேட்டேன். டோர்ச்சை மறு கைக்கு மாற்றினார்.

"ராணிய ஆஸ்பத்திரிக்கு பஸ்லதான்டா கூட்டிட்டுப் போனேன். கடைசி வரைக்கும் நின்னுக்கிட்டே வந்தா."

ராணி அண்ணி இறந்து நாலு வருடம். இதுவரை இதைச் சொன்னதில்லை. ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்சம் வெளியே போய் நின்றேன்.

ஏழாவது பிளாக் உப்பியிருந்தது. முனையெல்லாம் பச்சைப் பூஞ்சை மாதிரி. மாற்றினோம். பிளக்கைத் திரும்பப் போடும்போது கண்ணை மூடிக்கொண்டேன். ஒன்றும் ஆகவில்லை.

ஜூன் 19, செவ்வாய்

நானுஓயா வரை ஏற்றிப் பார்த்தோம். முக்கோணம் இல்லை, ஆமை இல்லை. ஸ்கேனரில் கோடு இல்லை. இறங்கி இன்னொருதரம் ஏறினோம். அப்பவும் இல்லை. அண்ணன் காரைக் கழுவி, பின் சீட்டில் புது விரிப்புப் போட்டார். வாய்க்குள் ஏதோ பாட்டு.

ஜூன் 20, புதன்

ஒருவேளை வழியில் நின்றால் என்று நானும் போனேன், மடியில் ஸ்கேனர். லயத்தில் பாக்கியம் அக்கா பையோடு தயார். ஏறி உட்கார்ந்ததும், கண்டி வேண்டாம், உடப்புசல்லாவைக்கு விடு, மகளிடம் போகிறேன் என்றார்.

அண்ணனுக்குப் புரியவில்லை. கார் நல்லா இருக்கிறது, பயப்பட வேண்டாம் என்று கெஞ்சினார்.

"காருக்கு இல்ல தம்பி. போன புதனே டாக்டர் ஐயா சொல்லிட்டாரு, நீ வெளிய கார்ல இருந்தப்ப. இனி மருந்து ஏத்த வேணாமாம். வீட்டோட இருக்கட்டுமாம்."

அப்படியானால் இதைத் தெரிந்துகொண்டேதான் அந்தப் பஸ்ஸில் தனியாக வந்திருக்கிறார்.

அண்ணன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தார். பிறகு காரை எடுத்தார். நுவரெலியா தாண்டினோம். கார் சத்தமே இல்லாமல் போனது. ராகலையில் நிறுத்தி அக்காவுக்கு இளநீர் வாங்கினோம். பாதி குடித்தார்.

மகள் கொழுந்து பறிக்கும் மலையிலிருந்து வேலையைப் பாதியில் விட்டு ஓடி வந்திருந்தாள். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். அம்மா ரெண்டு நாள் இருந்துவிட்டுப் போக வந்ததாக நினைப்பு. அண்ணனிடம், "அடுத்த புதன் அம்மாவ கண்டிக்குக் கூட்டிட்டுப் போக எத்தன மணிக்கு வருவீங்கண்ணே?" என்று கேட்டாள்.

பாக்கியம் அக்கா அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். மகளிடம் இன்னும் சொல்லவில்லை.

அண்ணன் கோப்பையைக் கீழே வைத்தார். "கார் சரியில்லம்மா. இங்க வரைக்கும் வந்ததே பெருசு, பேட்டரி போயிருச்சு. சரியானதும் வர்றேன்."

அவள் என் பக்கம் திரும்பினாள். ஆமாம், சாமான் கொழும்பிலிருந்து வரவேண்டும் என்றேன்.