சவுக்காரம் நுரைக்கும் கிணறு

1943 ஆகஸ்ட் 30, வரதராஜன்பேட்டை
மாதா பிறந்தநாள் பூசைக்குப் பீடத்துணிகளை வெளுக்கத் தொடங்கினேன். இந்தச் சுண்ணாம்புப் பூமியில் சவுக்காரம் நுரைக்கிற கிணறு என்னுடையது ஒன்றுதான். மற்றவற்றில் திரிந்து மிதக்கும். பருப்பு வேகும் என்று அடுத்த வீட்டுப் பூங்காவனமும் இங்கேதான் மொள்கிறாள். எனக்குப் பெருமைதான், மறைப்பானேன்?

செப்டம்பர் 2
ஜெயங்கொண்டத்தில் காலரா. சுகாதார இன்ஸ்பெக்டர் அரங்கநாதன் கிணற்றில் ஊதா மருந்து போட வந்தார். துணியில் பழுப்புக் கறை பிடிக்கும், திருவிழா கழியட்டும் என்றேன்.
"காலரா திருவிழா பாத்து வராதுங்கம்மா."
நீரின் தெளிவைக் காட்டினேன். பூங்காவனம் சிரித்தாள்: "அம்மா கெணறும் கான்வென்ட்ல படிச்சது சார், அழுக்கு கிட்ட வருமா?"
மனம் மாறினால் நானே போடலாம் என்று ஒரு பொட்டலம் கொடுத்துப் போனார்.

செப்டம்பர் 5
பெருமழை. தெருத் தண்ணீர் கிணற்றடிவரை வந்தது.

செப்டம்பர் 7
விடியலிலிருந்து பூங்காவனத்துக்கு வாந்திபேதி. அவள் புருஷன் நடராசன் ஓடிவந்தான். "தண்ணி தண்ணிங்கிறாம்மா, குடுக்கலாமாங்க?" காய்ச்சி உப்பிட்டுக் கொடு என்றேன். எதுவும் தங்கவில்லை. உடம்பில் பெரும்பங்கு நீர் என்று கான்வென்ட் மதர் படிப்பித்தார். அது ஒரே பகலில் வடிந்ததைப் பார்த்தேன் — கண் குழிந்து, விரல்நுனி சுருங்கி. மாலை நாலு மணிக்குப் போய்விட்டாள்.

செப்டம்பர் 8
துணிகளை அனுப்பிவிட்டேன். பூசைக்குப் போகவில்லை. பொட்டலத்தில் பாதியைக் கரைத்துக் கிணற்றில் ஊற்றினேன். சுத்தமான நீரில் அந்த ஊதா நிறம் நிற்கும். அழுக்கிருந்தால் அதை எரித்துத் தானும் மறையும். அரை மணியில் மறைந்தது. மீதியையும் ஊற்றினேன். அதுவும் மறைந்தது.
கரைஞ்சது கண்ணுக்குத் தெரியாதுன்னு படிச்சவதானே நான்? தெளிவப் பாத்தா நம்பினேன்?

செப்டம்பர் 11
மருந்தைத் தடுத்தது நான்தான் என்று நடராசனிடம் சொன்னேன்.
"சாவு விசாரிக்க வந்த இன்ஸ்பெக்டரு உங்க கெணத்தத்தான் சந்தேகப்பட்டாருங்க. அம்மா கெணத்தப் பத்திப் பேசாதீங்க, அவ கொளத்துத் தண்ணியக் குடிச்சிருப்பான்னு நான்தான் சண்ட போட்டேன்."
அவன் பேச்சை நம்பி இன்று காலையிலும் ஆறு வீட்டார் இங்கே மொண்டு போனார்கள். நானும் தடுக்கவில்லை.

செப்டம்பர் 12, ஞாயிறு
பூசை முடிந்ததும் கோவில் வாசலில் நின்று, என் கிணறு கெட்டது, மருந்தைத் தடுத்தது நான் என்று எல்லோரிடமும் சொன்னேன். ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். நடராசன் மட்டும் கடைசிவரை நின்று கேட்டான்.

செப்டம்பர் 13
காலையிலிருந்து என் கிணற்றுக்கு யாரும் வரவில்லை. அதற்காகத்தான் சொன்னேன்.